மணி ஓயாமல் பேட்ச் போட முடியுமா? புரோமீதியஸ், அலர்ட்மேனேஜர் இரட்டை அமைப்பு பற்றிய மதிப்பீடு

கொழும்பில் கணினிச் சேவையகங்களைப் பராமரிப்பவர்களிடம் "கண்காணிப்புச் சேவையகத்துக்குக் கடைசியாக எப்போது பேட்ச் போட்டீர்கள்?" என்று கேட்டால், உடனடியாகப் பதில் வருவது அரிது. பேட்ச் என்றால் மென்பொருளின் ஓட்டைகளை அடைக்கும் திருத்தம். இணையத்தளம், தரவுத்தளம், மின்னஞ்சல் என்று எல்லா இயந்திரங்களுக்கும் மாதந்தோறும் முறையாகப் போட்டுவிடுவார்கள். அவற்றையெல்லாம் இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும் இயந்திரத்தை மட்டும் தொடத் தயங்குவார்கள். அதை ரீபூட் (மறுதொடக்கம்) செய்கின்ற ஐந்து பத்து நிமிடங்களுக்குள் எங்காவது ஒரு வட்டு நிரம்பினாலோ தரவுத்தளம் விழுந்தாலோ, அதைச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள் என்பதே அந்தத் தயக்கத்தின் காரணம். நானும் வெகுகாலம் அப்படித் தயங்கியிருக்கிறேன். யூனியன் பிளேஸில் நான் பணிபுரியும் அலுவலகத்தில் இரண்டு வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் இரட்டைப் புரோமீதியஸ், இரட்டை அலர்ட்மேனேஜர் என்ற கண்காணிப்பு மென்பொருள் அமைப்பைப் பற்றி இங்கே எழுதுகிறேன். வரைபடங்கள் எவ்வளவு அழகு, எத்தனை மென்பொருள்களுடன் இணையும் என்பன பற்றி எழுதுவோர் பலர் உள்ளனர். நான் ஒரேயொரு கேள்வியை வைத்தே இதை அளக்கிறேன். இயங்குதளத்துக்குப் பேட்ச் போட்டு இயந்திரத்தை ரீபூட் செய்யும்போது ஓர் எச்சரிக்கையேனும் தவறுகிறதா?

புரோமீதியஸ் 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கப்பட்டு, 2015 ஜனவரியில் பொதுவெளியில் அறிவிக்கப்பட்டது. 2016இல், திறந்த மூலத் திட்டங்களைப் பேணும் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் பவுண்டேஷனில் குபர்நெட்டிஸுக்கு அடுத்த இரண்டாவது திட்டமாகச் சேர்ந்தது. அப்பாச்சி 2.0 உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதன் அமைப்பில் எமக்கு முக்கியமானது வேலைப் பிரிவினை. அளவீடுகளைச் சேகரிப்பதும், விதிகளை மதிப்பிட்டு "இது எச்சரிக்க வேண்டிய நிலை" என்று தீர்மானிப்பதும் புரோமீதியஸின் வேலை. அந்த எச்சரிக்கைகளை வாங்கி, ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றைச் சேர்த்து, யாருக்கு எந்த வழியில் அனுப்புவது என்று பார்ப்பது அலர்ட்மேனேஜரின் வேலை. ஆகவே பேட்ச் போடும்போது காக்க வேண்டிய கண்ணிகள் இரண்டு. பலர் ஒன்றை இரட்டிப்பாக்கிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் அலுவலகம் இதற்கு மாறியதற்கு முதற்காரணம் பணம். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியபோது, டொலரில் மாதக் கட்டணம் செலுத்திவந்த வெளிநாட்டுக் கண்காணிப்புச் சேவையைத் தொடர முடியவில்லை. நாமே நடத்தும் ஒன்றுக்கு வந்தோம். ஆனால் நாமே நடத்தும்போது பேட்ச் போடும் பொறுப்பும் நம்முடையதாகிறது என்பதை அன்று நாங்கள் போதியளவு எண்ணிப்பார்க்கவில்லை.

இந்தப் பொறுப்பைத் தள்ளிப்போடலாகாது என்பதற்குக் காரணங்கள் வெளியே நிறைய உள்ளன. கண்காணிப்புச் சேவையகத்துக்கு வலையமைப்பின் எல்லா மூலைகளுக்கும் வழி திறந்திருக்கும். கடவுச்சொற்களும் சாவிகளும் அதில் கிடக்கும். 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த சோலார்விண்ட்ஸ் ஓரியன் ஊடுருவலில் தாக்கியவர்கள் வேறெதையும் விட்டுவிட்டுக் கண்காணிப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். 2021 டிசம்பரில், அளவீடுகளை வரைபடமாகக் காட்டும் கிரஃபானாவின் 8.0 முதல் 8.3.0 வரையான பதிப்புகளில் வெளிப்பட்ட சிவிஇ-2021-43798 என்ற ஓட்டை, கடவுச்சொல் எதுவுமின்றி யாரும் சேவையகத்தின் கோப்புகளை வாசிக்க வழிவிட்டது. 2024 ஜூலை 1 அன்று, தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் வெளிவந்த சிவிஇ-2024-6387, லினக்ஸ் இயந்திரம் வைத்திருந்த அனைவரையும் ஓடவைத்தது. நம் நாட்டிலேயே 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் தொகுதி பணயத் தீநிரலால் (ரான்சம்வேர்) தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டபோது, காலங்கடந்த பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்தான் பேசுபொருளாயிற்று. தொட்டால் குருடாகிவிடுவோம் என்று பயந்து ஓர் இயந்திரத்தைத் தொடாமலே வைத்திருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இவற்றுக்குப் பின் விளக்க வேண்டியதில்லை.

முதல் வருடம் எங்களிடம் இருந்தது ஒற்றைப் புரோமீதியஸும் தனி இயந்திரத்தில் ஒற்றை அலர்ட்மேனேஜரும் மட்டுமே. ஓர் இரவு புரோமீதியஸ் இயந்திரத்துக்குக் கேர்னல் (இயங்குதளத்தின் கரு) பேட்ச் போட்டு ரீபூட் செய்தோம். அவ்வேளையில் தரவுத்தளச் சேவையகம் ஒன்றின் வட்டு நிரம்பிவருவதாக ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை எரிந்துகொண்டிருந்தது. சில நிமிடங்களில் இரவுப் பணியில் இருந்த தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது: "அண்ணை, அந்த டிஸ்க் அலர்ட் றிசோல்வ்ட் எண்டு டெலிகிராமிலை வந்திட்டுது, டிக்கெட்டை மூடட்டோ?" வட்டில் ஒரு கோப்பையும் யாரும் அழிக்கவில்லை. மீண்டும் புரோமீதியஸ் எழுந்து அதே எச்சரிக்கையை அனுப்பியபோது, அது நிலையில்லாமல் ஆடும் எச்சரிக்கை என்று கருதி அவர் ஒதுக்கிவைத்தார். விடியற்காலையில் வட்டு நிரம்பியது.

இதில் அந்தத் தம்பியின் பிழை எதுவுமில்லை. புரோமீதியஸ் ஒவ்வோர் எச்சரிக்கையையும் அனுப்பும்போது, அது எதுவரை செல்லுபடியாகும் என்ற நேரத்தையும் சேர்த்தே அனுப்புகிறது. விதியை மதிப்பிடும் இடைவெளி, எச்சரிக்கையை மறுபடி அனுப்பும் இடைவெளி ஆகிய இரண்டில் பெரியதன் நான்கு மடங்கே அந்த நேரம். இரண்டும் இயல்புநிலையில் ஒரு நிமிடம் என்பதால் அது நான்கு நிமிடங்களாகிறது. அந்த நான்கு நிமிடங்களுக்குள் புதுப்பிக்க யாரும் வராவிட்டால், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே அலர்ட்மேனேஜர் எடுத்துக்கொள்கிறது. டெலிகிராம் வழியில் "தீர்ந்தது" என்ற செய்தி இயல்பாகவே அனுப்பப்படும் என்பதால், ரீபூட் நான்கு நிமிடங்களைத் தாண்டினால் பொய்யான நற்செய்தி ஒன்று எல்லோருடைய கைபேசிக்கும் போய்விடுகிறது. எச்சரிக்கை வராமல் போவதைவிட இதுவே மோசமானது என்பது என் கருத்து. வராத செய்தியை யாரும் நம்புவதில்லை, வந்த பொய்ச் செய்தியை எல்லோரும் நம்புகிறார்கள். அத்துடன், புரோமீதியஸ் எழுந்தவுடன் வேலையைத் தொடங்குவதில்லை. முன்னர் எழுதிவைத்த குறிப்பேட்டை முழுவதும் வாசித்து நினைவகத்துக்கு ஏற்றிய பின்னரே விதிகளை மதிப்பிடுகிறது. இயந்திரம் இரண்டு நிமிடத்தில் எழுந்தாலும் இந்த வாசிப்பு அதற்கு மேல் சில நிமிடங்களைத் தின்றுவிடும். ஒற்றைப் புரோமீதியஸுக்குப் பேட்ச் போடுவோர் நான்கு நிமிடக் கணக்குக்குள் முடித்துவிடலாம் என்று நம்பியிருக்கக் கூடாது.

இரண்டாவது புரோமீதியஸ் இந்தக் குறையை முழுமையாகத் தீர்த்தது. இரண்டும் ஒரே விதிகளுடன் ஒரே இலக்குகளைத் தனித்தனியே அளக்கின்றன, ஒன்றையொன்று அறியாது. ஒன்று ரீபூட்டில் இருக்கும்போது மற்றது அதே எச்சரிக்கையைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் நான்கு நிமிடக் கெடு ஒருபோதும் காலாவதியாவதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எந்தப் பிரதி என்று அடையாளம் காண இரண்டுக்கும் வெவ்வேறு லேபிள் வைப்பது வழக்கம். அந்த லேபிளை அலர்ட்மேனேஜருக்கு அனுப்புமுன் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் அலர்ட்மேனேஜரின் கண்ணுக்கு அவை இரண்டு வெவ்வேறு எச்சரிக்கைகள். ஒன்று ரீபூட் ஆகும்போது அதனுடையது மட்டும் "தீர்ந்தது" என்று போய், பழைய குழப்பம் அப்படியே திரும்பி வரும். எச்சரிக்கை மறுலேபிளிடும் பகுதியில் இரண்டு மூன்று வரிகளில் முடிகின்ற வேலை இது. எனினும் நான் பார்த்த பல நிறுவல்களில் இது விடுபட்டிருந்தது.

அலர்ட்மேனேஜரின் இரட்டை அமைப்பே இந்த மதிப்பீட்டில் என் முழுப் பாராட்டையும் பெறுவது. இரண்டு அலர்ட்மேனேஜர்களுக்கும் தலைவன், தொண்டன் என்ற பேதமில்லை. இரண்டு புரோமீதியஸ்களும் இரண்டு அலர்ட்மேனேஜர்களுக்கும் எல்லா எச்சரிக்கைகளையும் அனுப்புகின்றன. அலர்ட்மேனேஜர்கள் தங்களுக்குள் 9094ஆம் போர்ட் வழியாக இரண்டே விடயங்களைப் பரிமாறுகின்றன: எதை யாருக்கு ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்ற பதிவேடு, எவை அமைதிப்படுத்தப்பட்டுள்ளன (செய்தி அனுப்பாமல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளன) என்ற பட்டியல். வரிசையில் முதலாவதாக இருப்பது உடனே அனுப்புகிறது. இரண்டாவது 15 வினாடிகள் பொறுத்துப் பதிவேட்டைப் பார்க்கிறது. முதலாவது அனுப்பியிருந்தால் பேசாமல் இருக்கிறது. அனுப்பவில்லையென்றால் தானே அனுப்புகிறது. முதலாவது ரீபூட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஒரு ஏற்பாடு தேவைப்படவில்லை. அந்தப் பதினைந்து வினாடிப் பொறுமைக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டது. ஐயம் எழும் இடத்தில் விட்டுவிடுவதைவிட இருமுறை சொல்வது மேல் என்று இதை உருவாக்கியவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே வலையமைப்பு அறுந்துபோனால்கூட இரண்டும் தனித்தனியே அனுப்பும். செய்தி இரட்டிக்கும், ஆனால் தொலையாது. எச்சரிக்கை வேலைக்கு இதைவிடச் சரியான முடிவை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

எங்களுக்கே இது நிகழ்ந்தது. நிறுவிய முதல் வாரம் எல்லாக் குறுஞ்செய்திகளும் இரண்டு இரண்டாக வந்தன. 9094ஐ ஃபயர்வோலில் திறந்துவிட மறந்திருந்தோம். அந்தப் போர்ட் டிசிபி, யுடிபி ஆகிய இரண்டுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். எரிச்சலாக இருந்தாலும், பிழையாக அமைத்த நிலையிலும் ஒன்றும் தவறவில்லை என்பதைக் கண்டபோதுதான் இந்த மென்பொருளில் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

பழக்கத்தின் காரணமாக நம்மவர்கள் செய்யும் பிழை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு சேவையகங்கள் என்றவுடன் முன்னால், வரும் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் லோட் பாலன்சர் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். இணையத்தளத்துக்கு அது சரி. இங்கே அது கேடு. அலர்ட்மேனேஜர்கள் எச்சரிக்கைகளைத் தங்களுக்குள் பரிமாறுவதில்லை, அனுப்பிய பதிவேட்டை மட்டுமே பரிமாறுகின்றன. லோட் பாலன்சர் ஓர் எச்சரிக்கையை ஒன்றுக்கு மட்டும் கொடுத்து, அந்த ஒன்று அதே கணத்தில் ரீபூட்டுக்குப் போனால், மற்றதுக்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது. புரோமீதியஸின் கட்டமைப்புக் கோப்பில் இரண்டு அலர்ட்மேனேஜர்களின் முகவரியையும் நேரடியாக எழுத வேண்டும் என்று அதிகாரபூர்வ ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. அதேபோல இரண்டு அலர்ட்மேனேஜர்களின் கட்டமைப்பும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக இருப்பது நல்லது. ஆகவே பேட்ச் போடும் நாளில் நாங்கள் கட்டமைப்பில் கைவைப்பதில்லை.

இரட்டை அமைப்பை வைத்துக்கொண்டும் நாங்கள் ஒருமுறை முழுக் குருடானோம். இந்தப் பாடம் மென்பொருளைப் பற்றியதல்ல, லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவைத் தானாகப் பேட்ச் போட விடுவதைப் பற்றியது. பேட்ச்களைத் தானாக நிறுவும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸின் கட்டமைப்புக் கோப்பில், தானாக ரீபூட் செய்யும் நேரத்துக்கு மாதிரியாக "02:00" என்ற வரி ஒரு குறிப்பாக இருக்கும். எங்களில் ஒருவர் தானியங்கி ரீபூட்டை இயக்கி, அந்தக் குறிப்பையும் உயிர்ப்பித்து, பல இயந்திரங்களை ஒருசேர நிர்வகிக்கும் அன்சிபிள் மூலம் எல்லாச் சேவையகங்களுக்கும் ஒரே கோப்பை அனுப்பினார். எங்கள் சேவையகங்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதன் அதிகாலை 2 மணி கொழும்புக்குக் காலை 7.30. பணியாளர்கள் எல்லோரும் காலி வீதியில் பேருந்துக்குள் நின்றுகொண்டிருக்கும் வேளையில், இரண்டு கண்காணிப்பு இயந்திரங்களும் ஒரே நிமிடத்தில் ரீபூட்டுக்குப் போயின. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று கட்டிய அமைப்பு, இரண்டையும் ஒரே கடிகாரத்தில் கட்டிவிட்டதால் பயனற்றுப் போனது.

நேரம் ஒதுக்காமல் விட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. உபுண்டுவின் தினசரி மேம்படுத்தல் டைமர் காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஏதோவொரு நேரத்தில் எழும். உலகப் பொது நேரத்தில் ஓடும் இயந்திரத்தில் அது கொழும்பின் 11.30க்கும் 12.30க்கும் இடையில். 24.04 பதிப்பிலிருந்து, மேம்படுத்திய நூலகங்களைப் பயன்படுத்தும் சேவைகளை நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி தானாகவே மறுதொடக்கம் செய்கிறது. கண்காணிப்பு இணைக்கு மட்டும் தானியங்கிப் பேட்ச்சை நிறுத்திவிட்டோம். அன்சிபிளில் "சீரியல் 1" என்று எழுதி, ஒன்றை முடித்துச் சோதித்த பின்னரே அடுத்ததற்குப் போகிறோம். இதனால் வேலை கூடுகிறது என்பது உண்மைதான். ஓடும்போதே கேர்னலைச் செப்பனிடும் லைவ்பேட்ச் போன்ற வசதி கேர்னல் ரீபூட்டைத் தள்ளிப்போட உதவும்; தவிர்க்க உதவாது.

இப்போது எங்கள் நடைமுறை இப்படி இருக்கிறது. முன்பெல்லாம் பேட்ச் வேலை என்றால் போயா தினத்து இரவுக்காகக் காத்திருப்போம். அலுவலகம் மூடியிருக்கும், பாவனையாளர்கள் குறைவு, ஏதாவது உடைந்தாலும் அடுத்த நாள் காலைக்குள் ஒட்டிவிடலாம் என்ற எண்ணம். இப்போது செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குச் செய்கிறோம். எல்லோரும் மேசையில் இருக்கிறார்கள், தேநீர் குடித்துவிட்டு விழிப்பாக இருக்கிறார்கள், பிழை நேர்ந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. முதலில் இரண்டு அலர்ட்மேனேஜர்களும் ஒன்றையொன்று காண்கின்றனவா என்று பார்க்கிறோம். குழு உறுப்பினர் எண்ணிக்கையைச் சொல்லும் அளவீடு இரண்டிலும் 2 என்று இருக்க வேண்டும். பின்னர் ரீபூட் ஆகப்போகும் இயந்திரத்தின் பெயருக்கு மட்டும், அரை மணி நேரத்துக்கு மட்டும், ஓர் அமைதிப்படுத்தல் போடுகிறோம். பேட்ச், ரீபூட். எழுந்தவுடன் புரோமீதியஸின் "தயார்" முகவரி சரியான பதில் தரும்வரை காத்திருக்கிறோம். குறிப்பேட்டு வாசிப்பு முடியும்வரை அது 503 என்றே சொல்லும். அலர்ட்மேனேஜர் எழுந்தவுடன் அவசரப்பட்டு எதையும் அனுப்பாமல், சகாவிடமிருந்து பதிவேட்டை வாங்கி நிலைகொள்ளும்வரை ஒரு நிமிடம் வரை பொறுக்கும். நாங்களும் அதனுடன் சேர்ந்து பொறுக்கிறோம். உறுப்பினர் எண்ணிக்கை மீண்டும் 2 ஆன பின், அலர்ட்மேனேஜருடன் வரும் ஆம்டூல் கட்டளையால் ஒரு சோதனை எச்சரிக்கையை இரண்டு அலர்ட்மேனேஜர்களுக்கும் அனுப்பி, அது கைபேசிக்கு ஒரே ஒரு முறை வருகிறதா என்று பார்க்கிறோம். அதன் பின்னரே அடுத்த இயந்திரம்.

ஒன்றும் தவறவில்லை என்று உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஓர் எச்சரிக்கையை, வெக்டர்(1) என்ற ஒற்றைச் சொல் விதியால் உருவாக்கி, வாட்ச்டாக் என்று பெயரிட்டு, அதை மட்டும் வெளிநாட்டில் இருக்கும் ஹெல்த்செக்ஸ் சேவைக்கு அனுப்புகிறோம். அந்தச் சேவை செய்தி வந்தால் மௌனமாக இருக்கும். செய்தி நின்றால் மணியடிக்கும். அலர்ட்மேனேஜர்கள் இரண்டும் விழுந்தாலும், புரோமீதியஸ்கள் இரண்டும் விழுந்தாலும், அலுவலகத்தின் இணைய இணைப்பே அறுந்தாலும் அது சொல்லிவிடும். ஹெல்த்செக்ஸின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. விரும்பினால் நாமே நடத்தலாம். ஆனால் அதை அதே கட்டடத்தில் நடத்துவதில் பொருளில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் தொடங்கி நாடே இருளில் மூழ்கியதை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கத்தில் நாங்கள் சில நாட்கள் தடுமாறினோம். மறுபடி அனுப்பும் இடைவெளி இயல்பாக 4 மணி நேரம் என்பதால் வாட்ச்டாக் வழிக்கு அதைச் சில நிமிடங்களாகக் குறைத்தோம். அப்படியும் செய்தி தாமதித்தே போனது. மறுபடி அனுப்பலாமா என்ற கேள்வியையே அலர்ட்மேனேஜர் குழு இடைவெளி ஒவ்வொன்றின் முடிவில்தான் கேட்டுப்பார்க்கிறது, அந்தக் குழு இடைவெளி இயல்பில் 5 நிமிடம் என்பது பின்னரே புரிந்தது. வாட்ச்டாக் வழிக்கு மட்டும் அதை ஒரு நிமிடமாக்கினோம். ஹெல்த்செக்ஸில் அடுத்த செய்திக்கான காத்திருப்புக்கு 5 நிமிடம், அதற்கு மேல் மணியடிக்காமல் பொறுக்கும் சலுகைக்கு 5 நிமிடம் வைத்திருக்கிறோம். ரீபூட் நேரத்தை மனதில் வைத்து இந்தச் சலுகையை அரை மணி நேரமாக நீட்டச் சொல்லும் நண்பர்கள் உண்டு, நான் உடன்படவில்லை. இரட்டை அமைப்பு சரியாக இருந்தால் ரீபூட்டின்போது வாட்ச்டாக் செய்தியின் ஒரு துடிப்புகூடத் தவறக்கூடாது. பேட்ச் முடிந்த பின் அந்தத் துடிப்புகளின் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். இடைவெளியின்றித் தொடர்ந்திருந்தால் அதுவே சான்று. 7.30 மணிச் சம்பவத்துக்குப் பின் ஒவ்வொரு மாதமும் அப்படியே தொடர்ந்திருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, அலர்ட்மேனேஜருக்குப் பயனர் கணக்குகள் இல்லை. அதன் 9093ஆம் போர்ட்டை அடையக்கூடிய எவரும் அமைதிப்படுத்தல்களை உருவாக்கலாம், நீக்கலாம். அடிப்படைக் கடவுச்சொல்லும் குறியாக்கமும் கட்டமைப்பால் சேர்க்க முடிந்தாலும், யார் எதைச் செய்யலாம் என்று பிரித்து வைக்க வழியில்லை. முன்னால் ஒரு பிராக்ஸியை (இடைநிலைச் சேவையகத்தை) வைத்து நாமே காவல் போட வேண்டும். இதைவிட என்னை வருத்துவது, ஒரேயொரு பரந்த நிபந்தனையால் முழு நிறுவனத்தின் எச்சரிக்கைகளையும் வாயடைத்துவிட அது தடையின்றி அனுமதிப்பது. பேட்ச் நாளில் அவசரத்தில் "எல்லாம்" என்று எழுதி இரண்டு மணி நேரத்துக்கு அமைதிப்படுத்திவிட்டு மறந்துபோனால், இரட்டை அமைப்பு அந்த மறதியையும் விசுவாசமாக மற்ற இயந்திரத்துக்கு எடுத்துச்சென்றுவிடும். இயந்திரத்தின் பெயரைச் சொல்லாத அமைதிப்படுத்தலை எங்கள் அலுவலகத்தில் விதியாகவே தடைசெய்திருக்கிறோம். அதை மென்பொருளே தடுத்திருக்கலாம்.

இரண்டாவது, இயங்குதளப் பேட்ச் போட்டால் புரோமீதியஸுக்கும் போட்டதாகிவிட்டது என்ற மயக்கம். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவிய புரோமீதியஸை, உபுண்டுவின் மென்பொருள் நிறுவியான ஆப்ட் அறியாது. அது கோ மொழியில் எழுதப்பட்டு, தேவையான நூலகங்களைத் தன்னுள்ளேயே அடக்கிய ஒற்றை நிரல். உபுண்டுவின் குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லைச் செப்பனிட்டாலும் அதன் உள்ளிருக்கும் குறியாக்கம் மாறாது. 2022இல் வெளிவந்த சிவிஇ-2022-46146, புரோமீதியஸின் கடவுச்சொல் சோதனையையே தாண்டிச்செல்ல இடமளித்தது; எத்தனை முறை ஆப்ட் அப்கிரேட் ஓட்டியிருந்தாலும் நேரடியாக நிறுவிய பிரதியில் அது சரியாகியிருக்காது. ஆகவே வெளியீட்டுக் குறிப்புகளைத் தனியாகப் பின்தொடர வேண்டும்.

பெரிய பதிப்புத் தாவல்களை இயங்குதளப் பேட்ச்சுடன் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். அலர்ட்மேனேஜர் 0.27 பழைய முதலாம் ஏபிஐயை (பிற மென்பொருள்கள் அதனுடன் பேசும் இடைமுகத்தை) நீக்கிவிட்டது. 2024 நவம்பரில் வந்த புரோமீதியஸ் 3.0க்கு அலர்ட்மேனேஜர் 0.16 அல்லது அதற்குப் பிந்தியது தேவை. அதன் தரவுக் களஞ்சியத்தை 2.55க்கு முந்திய பதிப்பால் வாசிக்க முடியாது என்பதால், நேரடியாகத் தாவியவர்கள் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. முதலில் 2.55இல் சில நாட்கள் நின்றுவிட்டே நாங்கள் மேலே போனோம்.

மூன்றாவதைக் குறை என்பதா என்று தெரியவில்லை. ரீபூட் ஆன புரோமீதியஸின் வரைபடத்தில் அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரு வெற்றிடம் நிரந்தரமாக இருக்கும். மற்றதிடம் இருக்கும் தரவால் அது தானாக நிரப்பப்படுவதில்லை. மேலாளர்கள் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். எச்சரிக்கையில் வெற்றிடம் இல்லை, படத்தில் மட்டுமே என்று விளக்க வேண்டியிருக்கும். தானோஸ் போன்ற ஒன்றை மேலே வைத்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டும். எங்கள் அளவுக்கு அது தேவைப்படவில்லை.

மாற்றுகளைப் பற்றிச் சுருக்கமாக. சபிக்ஸ் 2022இல் வெளியிட்ட 6.0 பதிப்பிலிருந்து உள்ளமைந்த உயர்கிடைப்பு வசதியைத் தருகிறது; ஒன்று வேலைசெய்ய மற்றது காத்திருக்கும், விழுந்தால் இயல்புநிலையில் ஒரு நிமிடத்தில் பொறுப்பேற்கும். வலையமைப்புக் கருவிகள் அதிகமுள்ள அலுவலகங்களுக்கு நல்ல தெரிவு. ஆனால் கீழேயுள்ள தரவுத்தளத்தை நாமே இரட்டிப்பாக்க வேண்டும், பெரிய பதிப்பு மாற்றத்துக்கு எல்லாச் சேவையகங்களையும் ஒருசேர நிறுத்த வேண்டும். நாகியோஸ் கோரில் இப்படி உள்ளமைந்த ஏற்பாடு எதுவும் இல்லை. இரண்டு சிறிய மெய்நிகர் இயந்திரங்களை வெவ்வேறு பௌதிக இயந்திரங்களில், வெவ்வேறு யூபிஎஸ்களில் வைக்க வசதியுள்ள எந்த அலுவலகத்துக்கும் நான் புரோமீதியஸ் இணையையே பரிந்துரைப்பேன். இரண்டையும் ஒரே பௌதிக இயந்திரத்தில் வைத்திருப்பவர்கள் அந்த இயந்திரத்துக்குப் பேட்ச் போடும் நாளில் இரண்டையும் சேர்த்தே இழப்பார்கள்.

எங்கள் அமைப்பில் இன்னும் மூடப்படாத ஓட்டை ஒன்று இருக்கிறது. வாட்ச்டாக் துடிப்பு இணைய வழியைத்தான் சோதிக்கிறது. குறுஞ்செய்தி வழியை அது தொடுவதேயில்லை. இரண்டு புரோமீதியஸ், இரண்டு அலர்ட்மேனேஜர் எல்லாவற்றுக்கும் கீழே, குறுஞ்செய்தி அனுப்புவதற்கு ஒரேயொரு ஜிஎஸ்எம் மோடமும் அதை இயக்கும் ஒற்றை இயந்திரமும் இருக்கின்றன. அந்த இயந்திரத்துக்குப் பேட்ச் போடும் நாளில் மட்டும் இன்னும் ஒருவரை டெலிகிராமின் முன் உட்கார வைத்துவிட்டே ரீபூட் செய்கிறோம். வேறொரு தொலைபேசி நிறுவனத்தின் சிம்முடன் இரண்டாவது மோடத்துக்கான கோரிக்கை கொள்வனவுப் பிரிவில் இருக்கிறது. அது வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஒரு சோதனைக் குறுஞ்செய்தியை அனுப்பி, அது வந்து சேர்ந்த நேரத்தைக் கையாலேயே குறித்துவைக்கிறேன்.